காலுக்கும் தாங்கிக்கும் நடுவே

(நமது அறவாரியத்தின் ஆண்டு விழாவில் மருத்துவ உதவிக் குழுத் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் திருப்பணியைப் பற்றியும் கல்வி நிதியைப் பற்றியும் மிக அழகாகப் பேசினார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'மருத்துவ உதவித் திட்டத்தில் நமது பணி' என்பதாகும். ஆனால் நான் இன்று பேசப் போவது காலுறையைப் பற்றி. நாம் ஸ்டோக்கின் என்று சொல்கிறோமே, அதே காலுறைதான். இதைச் செயலாளரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அதுக்குப் பத்து நிமிஷம் போதுமாண்ணே?" என்று கேட்டார். போதாது என்றேன். பெருந்தன்மையோடு அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

நமது அறவாரியம் ஒவ்வோர் ஆண்டும் நடக்க இயலாத சில குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கால் தாங்கி வாங்கிக் கொடுக்கிறது. வீடுகளில் இதைப் பிரேஸ் என்கிறோம். கணுக்காலையும் பாதத்தையும் தாங்குவதை மருத்துவமனையில் ஏ.எஃப்.ஓ. என்பார்கள். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சின் மேல் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்து, ஓரங்களை வெட்டி, வெல்க்ரோ பட்டைகள் வைத்துச் செய்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை குதிகாலை ஊன்றி நிற்கவும், பக்கவாதம் வந்தவர் முன்பாதம் தரையில் இழுபடாமல் நடக்கவும் இது உதவுகிறது. ஒன்று செய்ய ஆயிரம் வெள்ளிக்கு மேலும் ஆகலாம். குழந்தை வளர வளரப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கான பணம் உங்கள் பணம். உண்டியலில் விழுந்த காசும், உங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த காசோலையும் அதில் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு நாம் இரண்டு கால்களுக்கும் பிரேஸ் வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து, குழந்தை எப்படி நடக்கிறது என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். மூன்றாம் மாடி அடுக்குமாடி வீடு. உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது பிரேஸ்தான். அலமாரியின் மேல் ஜோடியாக நின்று கொண்டிருந்தது. குழந்தை தரையில் தவழ்ந்து கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. "இலவசமாகக் கிடைத்தால் இப்படித்தான்" என்று ஒரு நினைப்பு வந்து போனது. குழுவில் சிலர் அப்படிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன், நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்தே புரிந்து கொண்டார். "குத்தமா நினைக்காதீங்கண்ணே" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, காலைத் திருப்பிக் காட்டினார். உள் கணுக்காலில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு புண் ஆறி, தோல் இன்னும் கன்றிக் கிடந்தது. சுண்டுவிரல் ஓரத்திலும் ஒரு தழும்பு. "போட்டுவிட்டா கத்துறா. ரெண்டு வாரம் பாத்தேன். அப்புறம் மனசு கேக்கல" என்றார்.

எந்தக் காலுறையோடு போட்டீர்கள் என்று கேட்டேன். எடுத்து வந்து காட்டினார். அண்ணனுடைய பள்ளிக் காலுறை. பையனுக்குப் பத்து வயது. தடித்த பருத்தி, விரல் முனையில் கயிறு போல ஒரு தையல், குதிகாலுக்கென்று பின்னிய பை குழந்தையின் குதிகாலுக்கு இரண்டு அங்குலம் மேலே போய் மடிந்து நின்றது. காலுறையின் உயரமோ பிரேஸின் பாதி வரைதான். அதற்கு மேல் வெறும் தோலில் பிளாஸ்டிக். குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்றுதான் அந்தத் தாய் வீட்டிலேயே தடித்ததாகப் பார்த்து எடுத்திருக்கிறார். அச்செடுக்கவும் பொருத்தவும் நாம் வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தோம், ரசீதைக் கோப்பில் வைத்தோம், படமும் எடுத்தோம். அந்தப் பிரேஸுக்குள் என்ன போட வேண்டும் என்று நம்மில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. பிரேஸ் பொருத்திய இடத்திலும் அவசரத்தில் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது அவருக்குப் புரியாத மொழியில் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு அன்று அதிகமாக வெட்கப்பட வேண்டியிருந்தது. ஏனென்றால் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

என் இடது காலை நீங்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. நம் நாட்டில் போலியோ சொட்டு மருந்து 1972-ல்தான் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. எனக்கு வந்தது அதற்கு வெகு முன்னால். அந்தக் காலத்துப் பிரேஸ் பிளாஸ்டிக் அல்ல. இரு பக்கமும் இரும்புக் கம்பி, முழங்காலுக்குத் தோல் பட்டை, கம்பியின் அடிமுனை கனத்த பூட்ஸில் செருகப்பட்டிருக்கும். தோட்டத்தில் என்னை 'இரும்புக்கால்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலுறை வாங்க வழியில்லை. என் தாயார் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையின் கையை வெட்டி எனக்கு மாட்டிவிடுவார். முதல் வாரமே தையல் ஓரம் அறுத்துப் புண்ணாகிவிட்டது. தோட்டத்து டிரஸர் ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார். மறுநாள் காலையில் என் தாயார் அந்தத் துணியை உள்வெளியாகத் திருப்பித் தையலை வெளியே வைத்து மாட்டினார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இன்று வெளிநாட்டு நிறுவனங்கள் தையலில்லாக் காலுறை என்று விற்பதன் சூட்சுமம் அன்றைக்கு அந்தத் தோட்ட லயத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, அன்பர்களே, பிரேஸ் போடும் பிள்ளையோ, பக்கவாதத்தில் விழுந்து எழுந்த பெரியவரோ உங்கள் வீட்டில் இருந்தால், நான் இனிச் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் மருத்துவன் அல்லன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிரேஸ் போட்டவன், பிரேஸ் செய்து பொருத்தும் நிபுணர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டவன், அவ்வளவுதான்.

முதலில் உயரம். காலுறை பிரேஸின் மேல் விளிம்பைத் தாண்டி நிற்க வேண்டும். பிரேஸ் கெண்டைக்கால் முழுவதையும் பிடித்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும். அங்கே வெளிப்பக்கம் ஓர் எலும்பு முடிச்சு துருத்தி நிற்கும். அதை ஒட்டி, பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. அதனால்தான் விளிம்பை அந்த முடிச்சுக்குக் கீழே நிறுத்துகிறார்கள். விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் உராய்வும் வியர்வையும் அதிகம். காலுறை முழங்கால் வரை வந்தால், மிச்சத்தை விளிம்பின் மேல் வெளிப்புறமாக மடித்துவிடலாம். அது விளிம்புக்கு ஓர் உறை போல ஆகிவிடும். காலுறை கீழே சரியாமலும் இருக்கும். கணுக்காலோடு நிற்கும் குட்டைக் காலுறை இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது.

அடுத்தது தடிமன். இதில்தான் எல்லோரும் தவறுகிறோம். தடித்த காலுறை மெத்தை போல இருக்கும் என்று நினைக்கிறோம். பிரேஸ் அந்தக் காலின் அச்சில், மிகக் குறைந்த இடைவெளி விட்டுச் செய்யப்பட்டது. தடித்த காலுறையைத் திணித்தால் குதிகால் அடி வரை போய் உட்காராது. உட்காராத குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் ஏறி இறங்கும். புண் வருவது அந்த ஏற்ற இறக்கத்தால்தான். இறுக்கமும் கூடி விரல்கள் வெளுத்துப் போகும். மாறாக, பெண்கள் அணியும் நைலான் காலுறை போல மிக மெல்லியதாக இருந்தால் வியர்வையை உறிஞ்சாது, பிளாஸ்டிக்குக்குள் வழுக்கும். நடுத்தரமாக, காலோடு ஒட்டி நிற்பதாக இருக்க வேண்டும். அச்செடுக்கப் போகும்போதும் பொருத்திப் பார்க்கப் போகும்போதும் நாளைக்கு எந்தக் காலுறையைப் போடப் போகிறீர்களோ அதே வகையைக் கையோடு கொண்டு போங்கள். அதற்குப் பிறகு வேறு தடிமனுக்கு மாறாதீர்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் புண் வராது என்பது என் அனுபவம்.

சுருக்கம் இருக்கக் கூடாது. உங்கள் விரல் நுனிக்கு ஒரு சிறு மடிப்பாகத் தெரிவது, பட்டை போட்டு இறுக்கிய பிறகு குழந்தையின் தோலுக்குள் ஒரு கயிறு போலப் பதியும். பெரியவர்களுடைய காலுறையைச் சின்னக் காலுக்குப் போடுவதால் வருவது இதுதான். அளவு பெரிதானால் சுருங்கும். சிறிதானால் விரல்களைப் பிடித்து மடக்கும். கடையில் விற்கும் சாதாரணக் காலுறைக்குக் குதிகால் பை இருக்கும். அது சரியான இடத்தில் உட்கார்ந்தால் தவறில்லை. நழுவினால் குதிநரம்பின் மேல் பொதி கட்டி நிற்கும். குதிகால் இல்லாமல் நேர்க்குழாயாக, நன்றாக நீளும்படி பின்னிய காலுறை இதற்கு உத்தமம். பிரேஸுக்கென்றே நெய்த காலுறைகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. விலை மட்டும் சற்று மலைக்க வைக்கும். வாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. மாவுக்கட்டுப் போடுவதற்கு முன் காலில் ஏற்றுவார்களே, அந்தக் குழாய்த்துணி. சுருளாக மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். காலின் நீளத்துக்கு வெட்டி, விரல்களைத் தாண்டிச் சிறிது விட்டு, தைக்காமல் அப்படியே போடலாம். முனையை விரல்களுக்கு அடியில் மடித்துவிடக் கூடாது, அவ்வளவே.

தையல் கதையை என் தாயார் மூலம் சொல்லிவிட்டேன். கடையில் காலுறை வாங்கும்போது கையை உள்ளே விட்டு விரல் முனையைத் தடவிப் பாருங்கள். உங்கள் கைக்கே தட்டுப்பட்டால், அந்தப் பிள்ளையின் சுண்டுவிரலுக்கு நிச்சயம் தட்டுப்படும். வேறு கிடைக்காவிட்டால் உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

துணியைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கையைக் கொஞ்சம் அசைக்க வேண்டியிருக்கிறது. பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். வேட்டிக்கும் புடவைக்கும் அது சரி. நம் நாட்டு வெயிலிலும் புழுக்கத்திலும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் கால் கொட்டும் வியர்வையை முழுப் பருத்தி குடித்துக் கொண்டு, ஈரமாகவே இருந்துவிடும். ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும். பருத்தி கொஞ்சம், அதோடு ஈரத்தை வெளியே கடத்தும் பாலியெஸ்டர் வகை இழையோ மூங்கில் இழையோ கலந்து, நீள்வதற்குக் கொஞ்சம் ஸ்பாண்டெக்ஸும் உள்ளதாகப் பாருங்கள். லேபிளில் போட்டிருப்பார்கள். எதுவானாலும் நண்பகலில் ஒரு முறை மாற்ற வேண்டும். பள்ளிப் பையில் ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள். இடைவேளையில் மாற்றிவிட ஆசிரியரிடமோ உதவியாளரிடமோ கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள். கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

மேல்முனையில் இறுக்கமான ரப்பர் பட்டி உள்ள காலுறையையும் தவிர்க்க வேண்டும். கழற்றியபின் காலைச் சுற்றி வளையமாகத் தடம் விழுந்தால் அது இறுக்கம் அதிகம். வீக்கத்துக்கென்று விற்கும் அழுத்தக் காலுறையை மருத்துவர் சொல்லாமல் பிரேஸுக்குள் போடாதீர்கள்.

நிறம் ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். பொருட்டுதான். முன்பெல்லாம் நம் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் காலணி, வெள்ளைக் காலுறை அணிந்தார்கள். ஒரு துளி இரத்தமோ நீரோ கசிந்தால் தாய்க்குத் தெரிந்துவிடும். 2019 முதல் பள்ளிகள் கறுப்புக் காலணிக்கும் கறுப்புக் காலுறைக்கும் மாறத் தொடங்கின. துவைப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் கறுப்பில் எதுவும் தெரியாது. பிரேஸ் போடும் பிள்ளைக்கு உள்ளே வெளிர்நிறக் காலுறை போட அனுமதி கேட்டு, மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து முழங்காலை மடக்கிக் கொள்ளுங்கள். நீட்டிய காலில் குதிகால் இறங்காது. காலுறையை மேல்நோக்கி இழுத்துச் சமன் செய்து, குதிகாலைப் பிரேஸின் அடியில் பின்புறம் வரை தள்ளி, கணுக்கால் பட்டையை முதலில் போடுங்கள். பிறகு காலுறையை மேலே இன்னொரு முறை இழுத்துவிட்டு, கெண்டைக்கால் பட்டையைப் போடுங்கள். புதுப் பிரேஸ் என்றால் முதல் நாளே பள்ளி முடியும்வரை போட்டு அனுப்பக் கூடாது. ஒரு மணி நேரம், கழற்றிப் பார்த்து இரண்டு மணி நேரம் என்று ஓரிரு வாரத்தில் கூட்ட வேண்டும். கணக்கைப் பிரேஸ் கொடுத்தவரே சொல்வார். கழற்றியதும் வெளிச்சத்தில் காலைப் பாருங்கள். சிவந்த தடம் இருக்கத்தான் செய்யும். இருபது முப்பது நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால், கொப்புளமோ புண்ணோ கண்டால், பிரேஸை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டு, செய்தவரிடம் போங்கள். அலமாரியின் மேல் வைத்துவிடாதீர்கள். பிரேஸின் உட்புறத்தைச் சற்றுச் சூடாக்கித் தள்ளிக் கொடுத்தோ ஓரத்தை இழைத்தோ பலமுறை சரி செய்துவிட முடியும்.

இன்னொன்று எண்ணெய். காலையில் பிள்ளையின் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் பிரேஸ் போடுமுன் வேண்டாம். எண்ணெயில் தோல் மென்மையாகி உராய்வில் உரிந்துவிடும், காலுறையும் வழுக்கும். இரவு, கழற்றிக் குளிப்பாட்டிய பிறகு தேய்த்துவிடுங்கள். பவுடரை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து கட்டி கட்டியாகிவிடும். பிரேஸை இளஞ்சோப்பு நீரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் வளைந்து போகக்கூடும்.

இப்போது வலி தெரியாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை கத்தியது; அதனால் தாய்க்குத் தெரிந்தது. நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்கள் கத்த மாட்டார்கள். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கசப்பான செய்தி. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு 1940-களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், பாதங்களும் விரல்களும் சிதைவதற்குப் பெரும் காரணம் உணர்ச்சி இல்லாததால் கவனிக்கப்படாமல் போகும் காயங்களே என்று எடுத்துக் காட்டினார். நீரிழிவில் மரத்த பாதத்துக்கும் அது பொருந்தும். பக்கவாதத்துக்குப் பின் பிரேஸ் போடும் அப்பாவுக்கு நீரிழிவும் இருந்தால், காலுறையில் ஒரு மடிப்பு காலையே இழக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடலாம். அவர் "ஒண்ணும் வலிக்கலைப்பா" என்று சொல்வதை நம்பாதீர்கள். தினமும் இரவு பிள்ளைகள் கீழே உட்கார்ந்து பாதத்தை விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும். அதற்கும் வெளிர்நிறக் காலுறைதான் முதல் காவலாளி.

நிர்வாகப் பெரியோர்கள் முன்வரிசையில் இருக்கும்போதே கோயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோயிலில், எந்தக் கோயில் என்பது வேண்டாம், பிரேஸ் போட்ட பையனை வாசலில் நிறுத்தி, "காலணியோடு உள்ளே வரக்கூடாது" என்று ஒருவர் சொன்னார். அது காலணி அல்ல, அவனுடைய கால் என்று தாய் சொல்லிப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. கடைசியில் பிரேஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பதினொரு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக் கொண்டு போனார். பையன் சன்னிதியில் முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக் கொண்டான். சாமியைப் பார்க்கவே இல்லை. அதன்பிறகு அவன் கோயிலுக்கு வர மறுக்கிறான் என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

தடுத்தவர் கெட்டவர் அல்லர். கோயிலின் தூய்மையைக் காப்பது அவர் பணி. நாம் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அந்தத் தாய்க்கும் ஒரு வழி காட்டவில்லை. பிரேஸைத் தெருவில் வெறுமனே போட்டு நடப்பதில்லை. மேலே காலணி அணிகிறார்கள். காலணியை வாசலில் கழற்றிவிட்டால், பிரேஸின் அடி சுத்தமாகத்தான் இருக்கும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். ஆனால் இன்னொரு சிக்கல் உண்டு. காலணி இல்லாத பிளாஸ்டிக் அடி, மெருகிட்ட தரையில் சோப்பு போல வழுக்கும். நானே ஒரு கொடிமரத்தின் முன் சாஷ்டாங்கமாக விழுந்திருக்கிறேன். பார்த்தவர்கள் என் பக்தியை மெச்சினார்கள்!

இதற்கும் ஒரு காலுறைதான் மருந்து. அடியில் ரப்பர்ப் புள்ளிகள் பதித்த காலுறை கடைகளில் கிடைக்கிறது. இரண்டு அளவு பெரிதாக வாங்கி, பிரேஸின் மேலே மாட்டிவிட வேண்டும். துவைத்துத் தனிப் பையில் வைத்து, கோயிலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பிடிப்பும் கிடைக்கும், தூய்மையும் கெடாது, பார்ப்பவருக்குக் காலணி என்ற சந்தேகமும் வராது. சில நிபுணர்கள் பிரேஸின் அடியிலேயே மெல்லிய ரப்பர் ஒட்டியும் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். கால் கழுவும் குழாயடியில் இவர்களை நனையச் சொல்லாதீர்கள். நனைந்த காலுறையோடு ஒரு பூசை முழுக்க நின்றால் மறுநாள் தோல் உரியும். காலணி விடும் இடத்தில் ஒரு பெஞ்சு, கைப்பிடி ஒன்று, ஒரு வாளியில் சுத்தமான ஈரத்துணி. நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். திருப்பணிச் செலவில் இது ஒரு மூலைக்கும் வராது.

கொடையாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நமது மலரின் கடைசிப் பக்கங்களில் உபயகாரர்கள் பட்டியல் வரும். அன்னதான உபயம், பூமாலை உபயம், சக்கர நாற்காலி உபயம் என்று இருக்கும். 'காலுறை உபயம்' என்று தம் பெயருக்கு நேரே அச்சாக யாருக்கும் ஆசை வராது, எனக்கும் புரிகிறது. அதனால் தனி உபயமாகக் கேட்கவில்லை. இனி நாம் வழங்கும் ஒவ்வொரு பிரேஸோடும் ஆறு ஜோடி காலுறையும், கோயிலுக்கென்று ஒரு ஜோடி ரப்பர்ப் புள்ளிக் காலுறையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று குழுவில் தீர்மானம் கொண்டு வந்திருக்கிறேன். ஆறு எதற்கு என்று பொருளாளர் கேட்டார். ஒரு நாளைக்கு இரண்டு; ஒன்று காலில், ஒன்று பையில். இரண்டு துவைக்க, இரண்டு காய. மழைக்காலத்தில் ஆறும் போதாது. அதோடு, பிரேஸ் கொடுத்த இரண்டாம் வாரத்தில் நம் தொண்டர் ஒருவர் வீட்டுக்குப் போய்க் காலைப் பார்த்து வர வேண்டும். மூன்றாம் மாதம் போவதில் பயனில்லை என்று எனக்கு அந்த அலமாரி சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டுக்குப் போகும் வழியில் என்னைத் திட்டுவீர்கள். பிரேஸைச் செய்தவரிடம் எடுத்துப் போனோம். கணுக்கால் பக்கம் சற்றுத் தள்ளிக் கொடுத்தார். குதிகால் இல்லாத நீளக் காலுறை நான்கு ஜோடி வாங்கினோம். மறுபடியும் ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்கினார் அந்தத் தாய். முதல் வாரம் அழுகை இருந்தது, பழைய பயம். மூன்றாம் வாரத்தில் சுவரைப் பிடித்து நின்றாள். இடையில் கால் வளர்ந்து வேறு பிரேஸும் செய்தாயிற்று. சென்ற நவராத்திரிக்குக் கைத்தாங்கலோடு கொலுவைச் சுற்றி வந்தாள். என்னைப் பார்த்ததும் காலை நீட்டி, "தாத்தா, தையல் வெளியில இருக்கு பாருங்க" என்று காட்டினாள்.

பின்மேசையில் பல அளவுகளில் காலுறைகளும் ஒரு பழைய பிரேஸும் வைத்திருக்கிறேன். உணவருந்தப் போகுமுன் வந்து கையை உள்ளே விட்டுப் பாருங்கள். பிள்ளையை அழைத்து வந்திருக்கும் தாய்மார்கள் அளவு சொன்னால் இன்றே இரண்டு ஜோடி கொண்டு போகலாம்.